ரீல் பெட்டி: சின்ன ஃபிலிம்ல எந்த வகைப் படம் சேர்க்கலாம்? வாசகர் கேள்வி பதில்

போன தடவை புரொஜெக்டர் சுத்தம் பண்றது பத்தி எழுதினேன் இல்லையா, அதுக்கப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைத்தான் சுத்திச் சுத்தி வருது. வீட்டுப் புரொஜெக்டர்ல ஓடுற 8 எம்.எம்., 9.5 எம்.எம்., 16 எம்.எம். (ஃபிலிமோட அகலம் இது) ரீல்களைச் சேர்க்கிறவங்க எந்த வகைப் படத்தைத் தேடிப் போறாங்க, ஏன் அதையே தேடுறாங்க? அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே.

கேள்வி: வணக்கம் சார், நான் காலேஜ்ல படிக்கிறேன், தாத்தாவோட சூப்பர் 8 புரொஜெக்டர் இப்ப என்கிட்ட வந்திருக்கு. ரீல் சேர்க்கிறவங்களுக்கு ரொம்பப் பிடிச்சது காமெடியா, பேய்ப்படமா, கார்ட்டூனா? தெரிஞ்சா நானும் அந்த வழியில ஆரம்பிக்கலாம்னு பார்க்கிறேன்.

பதில்: மூணுமேதான்மா. ஆனா வரிசைப்படுத்தச் சொன்னா முதல்ல மௌனப்பட காமெடின்னுதான் சொல்வேன். சாப்ளின், பஸ்டர் கீட்டன், லாரல் ஹார்டி, இவங்களோட குட்டிப் படம் ஒண்ணுகூட இல்லாத ரீல் அலமாரியை நான் பார்த்ததே இல்ல. இது வெறும் பழைய பாசம் மட்டும் கிடையாது, இதுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு, அது தெரிஞ்சப்ப எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தியேட்டர்ல ஓடின 35 எம்.எம். ரீல் ஒண்ணு 1000 அடி, அதுல அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனித்தனிப் படம், ஆக 16,000 ஃபிரேம். 16 எம்.எம்.ல அடிக்கு 40 ஃபிரேம், அதனால அதே 16,000 ஃபிரேம் 400 அடியில அடங்கிடும். ஸ்டாண்டர்ட் 8ல அடிக்கு 80, அதனால வெறும் 200 அடி போதும். சூப்பர் 8ல அடிக்கு 72, கொஞ்சம் கூடுதலா 222 அடி ஆகும். அந்தக் காலத்து காமெடியெல்லாம் பெரும்பாலும் ஒரு ரீல், ரெண்டு ரீல் படங்கதான், அதனால ஒரு இடம்கூட வெட்டாம முழுப் படமாவே வீட்டு ரீலுக்குள்ள வந்து உக்காந்துடுச்சு. முழு நீளப் படங்களுக்கு இந்த அதிர்ஷ்டம் அமையல.

அது போக சவுண்ட் தேவையில்ல, டைட்டில் கார்டே கதை சொல்லிடும். கறுப்பு வெள்ளைங்கிறதால கலர் போயிடுமேங்கிற பயமும் இல்ல, ஏன்னா கறுப்பு வெள்ளைல படமா நிக்கிறது வெள்ளி, அது சாயம் மாதிரி வெளுக்காது. நான் இத்தனை வருஷமா இந்த ரீல்களோட கிடந்து கத்துக்கிட்டது ஒண்ணுதான், இந்தப் பொழுதுபோக்குல எந்த வகைப் படம் பிடிக்கணும்னு நம்மகிட்ட முதல்ல சொல்றது அந்த ஃபிலிமே தான், அதோட நீளம், அதுல சவுண்ட் இருக்கா இல்லையா, அதோட கலர் தாங்குமா தாங்காதா, இதுக்கெல்லாம் அப்புறம்தான் நம்ம ரசனை வருது.

அதனால மத்தவங்க என்ன சேர்க்கிறாங்கன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி தாத்தாவோட மிஷினைப் பாருங்க. ஃபிலிம்ல இருக்கிற சவுண்டைப் படிக்கிற சவுண்ட் ஹெட் இருக்கா? வேகத்தை விநாடிக்கு 18, 24 ஃபிரேம்னு மாத்துற ஸ்விட்ச் இருக்கா? சூப்பர் 8 மட்டும்தான் ஓடுமா இல்ல ஸ்டாண்டர்ட் 8ம் சேர்த்து ஓடுமா? ரெண்டும் ஒரே அகலம்தான், ஆனா ஓட்டையோட அளவும் இடமும் வேற, மாத்திப் போட்டா ஃபிலிம் கிழியும். சூப்பர் 8 மட்டும் ஓடுற மிஷின்னா 1965க்கு அப்புறம் வந்த பிரிண்டுகளை மட்டும் தேடினா போதும், அந்த வருஷம்தான் கோடக் சூப்பர் 8ஐ கொண்டு வந்தது.

கேள்வி: என்கிட்ட 200 அடி பேய்ப்பட ரீல் ஒண்ணு இருக்கு. தியேட்டர்ல 80 நிமிஷம் ஓடின படத்தை 10 நிமிஷமா வெட்டி வச்சிருக்காங்க, இதைப் போய் ஏன் இவ்வளவு ஆசையா சேர்க்கிறாங்க? முழுப் படம்தான் இப்ப எங்கேயும் கிடைக்குதே.

பதில்: உங்க கேள்வி நியாயமானதுதான், ஆனா நீங்க சொல்ற அந்த வெட்டுதான் பல பேருக்கு உயிர். 1924ல யூஜின் காசில் தொடங்கின காசில் ஃபிலிம்ஸ், 1930களோட பின்பாதியில வீட்டு ரீல் வியாபாரத்துக்கு வந்துச்சு, 1940களோட கடைசியில யுனிவர்சல் கைக்குப் போச்சு. அதுக்கப்புறம் யுனிவர்சலோட பூதங்கள் எல்லாம், பிராங்கன்ஸ்டைன், டிராகுலா, மம்மி, கறுப்புக் குளத்துல இருந்து வர்ற அந்த ஜந்து, எல்லாம் 8 எம்.எம். பெட்டிக்குள்ள வர ஆரம்பிச்சுது. 50 அடி ரீல் வாங்கினா விநாடிக்கு 16 ஃபிரேம்ல 4 நிமிஷம், 200 அடி வாங்கினா 16 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. உங்க ரீல் 10 நிமிஷம்னா அது விநாடிக்கு 24 ஃபிரேம் வேகத்துல ஓடுறதா இருக்கும். 1960கள்ல பேய்ப்படப் பத்திரிகைகளோட கடைசிப் பக்கங்கள்ல இதுக்குன்னே விளம்பரம் வரும், தபால்ல எழுதிப் போட்டு வாங்கலாம், டிவியில அந்தப் படம் எப்ப வரும்னு காத்துக்கிட்டிருந்த பசங்களுக்கு தன் ரூம் சுவத்துலேயே அந்தப் பூதத்தை வேணும்கிறப்ப கொண்டு வர முடிஞ்சதுன்னா அது எப்பேர்ப்பட்ட விஷயம்னு யோசிச்சுப் பாருங்க, வீடியோ கேசட்டே வராத காலம் அது.

அப்புறம் அந்த வெட்டுற வேலை இருக்கே, அது சாதாரண வேலை இல்ல. 80 நிமிஷத்தைப் பத்து நிமிஷமா ஆக்கணும், கதையும் புரியணும், பூதம் நல்லா தெரியவும் வேணும். சவுண்ட் இல்லாத பிரிண்ட்ல வசனத்தைப் படத்து மேலேயே எழுத்தா போடுவாங்க. என்கிட்ட இருக்கிற ஒரு ரீல்ல டாக்டர் பேசுற சீன் எல்லாம் தூக்கிட்டு நேரா லேபுக்குப் போயிடுவாங்க, முழுப் படத்தை அப்புறம் பார்த்தப்ப எனக்கு அது இழுவையா தெரிஞ்சுது, என் மனசுல அந்தப் படம்னா இந்தப் பத்து நிமிஷம்தான். 1977ல வந்த ஸ்டார் வார்ஸுக்குக்கூட கென் ஃபிலிம்ஸ்ங்கிற வீட்டு ரீல் கம்பெனி 200 அடி ரீல் போட்டாங்க, அதை இன்னைக்கும் தேடித் தேடி வாங்குறாங்க. பேய்ப்படமும் விண்வெளிப் படமும் இந்த வெட்டுக்கு நல்லா தாங்கும், ஏன்னா நாம நினைவுல வச்சிருக்கிறது அதுல வர்ற காட்சிகளைத்தான். குடும்பக் கதையை இப்படி வெட்டினா ஒண்ணும் மிஞ்சாது.

அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதுல இருக்கிற ஓவியத்துக்காகவே வாங்குறவங்க உண்டு.

கேள்வி: குழந்தைகளுக்குப் போட்டுக் காட்ட கலர் கார்ட்டூன் வாங்கினேன், படம் பூரா ரோஸ் கலரா தெரியுது. பல்பு கோளாறா? சரி பண்ண முடியுமா?

பதில்: பல்பு இல்லைங்க. இதே அடி நானும் வாங்கியிருக்கேன். ஒருத்தர்கிட்ட காட்டுல நடக்கிற கார்ட்டூன் ஒண்ணு வாங்கினேன், பெட்டி புதுசு மாதிரி, ஃபிலிம்ல ஒரு கீறல் இல்ல, வாங்கிட்டு வந்து லைட்டை அணைச்சு பிள்ளைங்களை உக்கார வச்சுப் போட்டா மரம், வானம், முயல் எல்லாம் ஒரே சிவப்பு. வாங்குறப்ப ஒரு அடி வெளிய இழுத்து வெள்ளைப் பேப்பருக்கு மேல வச்சுப் பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.

நடக்கிறது இதுதான். கலர் பிரிண்ட்ல மூணு சாயம், நீலப்பச்சை, மஞ்சள், சிவப்பு கலந்த ஊதா. 1950கள்ல இருந்து 1970கள் வரைக்கும் வந்த சாதாரண ஈஸ்ட்மேன்கலர் வகை பிரிண்டுகள்ல நீலப்பச்சைதான் முதல்ல போகும், மஞ்சளும் பின்னாலேயே போகும், கடைசியில மிஞ்சுறது அந்த சிவப்பு மட்டும். ஓட்டாம பெட்டிக்குள்ள இருட்டுல வச்சிருந்தாலும் போகும், சூடு அதிகம்னா சீக்கிரமா போகும். ஃபிலிம்ல போனது போனதுதான், திரும்ப வராது. ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஓரளவு திருத்தலாம். சில பேர் லென்ஸுக்கு முன்னாடி லேசான நீலப்பச்சை ஃபில்டர் வச்சு ஓட்டுவாங்க, கண்ணுக்குக் கொஞ்சம் இதமா இருக்கும், அவ்வளவுதான்.

கார்ட்டூன் சேர்க்கிறவங்க அதனாலதான் எந்தப் படம்னு கேக்குறதுக்கு முன்னாடி எந்த ஸ்டாக்குனு, அதாவது எந்த வகை ஃபிலிம்ல அச்சடிச்சதுன்னு கேப்பாங்க. டெக்னிகலர்ல சாயத்தை அச்சு மாதிரி பதிச்சு எடுத்த பழைய 16 எம்.எம். பிரிண்ட் கிடைச்சா விடவே விடாதீங்க, அதோட சிவப்பும் மஞ்சளும் இன்னைக்கும் அப்படியே நிக்கும். கோடக்ரோம் பிரிண்டும் அப்படித்தான், இருட்டுல வச்சா பல பத்து வருஷம் தாங்கும், ஆனா புரொஜெக்டர் வெளிச்சத்துல ரொம்ப தடவை ஓட்டினா அது வெளுக்கும், அதை மட்டும் அளவா ஓட்டுங்க. 1980களோட தொடக்கத்துல கோடக் எல்.பி.பி.ன்னு ஒரு ஸ்டாக் கொண்டு வந்தது, ஃபிலிம் ஓரத்துல அந்த மூணு எழுத்து இருந்தா நம்பி வாங்கலாம். இங்கிலாந்துல டெரான்னு ஒரு நிறுவனம் இருந்துச்சு, 2011ல மூடிட்டாங்க, அவங்க போட்ட பிற்கால டிஸ்னி சூப்பர் 8 பிரிண்டுகளுக்கு இன்னைக்கும் அவ்வளவு மரியாதை, முழு நீளக் கார்ட்டூனையே போட்டாங்க.

நீளமும் கார்ட்டூனுக்கு வாகா இருக்கு. தியேட்டர் கார்ட்டூன் ஒண்ணு சுமார் 7 நிமிஷம், விநாடிக்கு 24 ஃபிரேம்னு கணக்குப் போட்டா 10,080 ஃபிரேம், சூப்பர் 8ல 140 அடி. 200 அடி ரீல்ல தாராளமா உக்காரும், வெட்டவே வேண்டாம். பிள்ளைங்களுக்கு இப்போதைக்கு கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் வாங்கிப் போடுங்க, ரசிச்சுப் பார்ப்பாங்க, என் வீட்டுல பார்த்தாங்க.

கேள்வி: சில பேர் ட்ரெய்லர் மட்டும் சேர்க்கிறாங்களாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். ரெண்டு மூணு நிமிஷத்துல முடியுது, யாரும் வெட்டாத முழு சரக்கு, பெரிய படத்தோட பிரமாண்டம் எல்லாம் அதுக்குள்ள இருக்கு. ஏழெட்டு ட்ரெய்லரை ஒட்டி ஒரு 400 அடி சூப்பர் 8 ரீல்ல சுத்தி வச்சா படம் போடுறதுக்கு முன்னாடி தியேட்டர் மாதிரியே ஓட்டலாம். ஸ்கோப், அதாவது அகலத்திரை ட்ரெய்லர்னா படம் பக்கவாட்டுல நெருக்கி அச்சாகியிருக்கும், அதை ரெண்டு மடங்கு விரிச்சுக் காட்டுற லென்ஸ் தனியா வேணும், அது இல்லாம போட்டா ஆளுங்க எல்லாம் ஒல்லியா நெட்டையா தெரிவாங்க. ஒருதரம் அந்த லென்ஸை மாட்டி சுவர் பூரா படம் விரியறதைப் பார்த்துட்டீங்கன்னா அப்புறம் நீங்களும் ட்ரெய்லர் தேட ஆரம்பிச்சுடுவீங்க.

கேள்வி: எனக்குப் பாட்டு, டான்ஸ் உள்ள படங்கள்தான் பிடிக்கும். சூப்பர் 8ல மியூசிக்கல் சேர்க்கலாமா, இல்ல 16 எம்.எம். போகணுமா? வாங்கின ரெண்டு ரீல்லயும் பாட்டு நடுவுல தூக்கித் தூக்கிப் போடுது.

பதில்: மியூசிக்கல் சேர்க்கிறவங்களுக்கு இருக்கிற பொறுமை எனக்கு இல்ல, ஆனா அவங்க மேல பெரிய மதிப்பு உண்டு, ஏன்னா ஃபிலிமோட எந்தக் குறையையும் பாட்டு மறைக்காது. பேச்சுல லேசான வேக ஆட்டம் இருந்தா காதுக்குத் தெரியாது, அதுவே ஒரு பியானோ நோட் நீளமா நின்னா உடனே நடுங்கும். நீங்க சொல்ற தூக்கிப் போடுற விஷயத்துக்குக் காரணம் ஒட்டு. பழைய ரீல் எங்கேயோ அறுந்திருக்கும், யாரோ நாலஞ்சு ஃபிரேமை வெட்டிட்டு ஒட்டியிருப்பாங்க. சூப்பர் 8ல சவுண்ட் ஃபிலிம் ஓரத்துல இருக்கிற காந்தக் கோட்டுல பதிஞ்சிருக்கும், ஆனா ஒரு ஃபிரேமோட சவுண்ட் அந்த ஃபிரேம் பக்கத்துலயே இருக்காது, 18 ஃபிரேம் முன்னாடி இருக்கும், அதனால படம் ஒரு இடத்துல குதிக்கும், பாட்டு முக்கால் விநாடி தள்ளி வேற இடத்துல குதிக்கும், ஒரே ஒட்டுக்கு ரெண்டு அடி. 16 எம்.எம். ஆப்டிகல்ல, அதாவது சவுண்டை ஒளி வழியா படிக்கிற வகையில, இந்த இடைவெளி 26 ஃபிரேம், ஒரு விநாடிக்கும் கொஞ்சம் மேல. ஒட்டு இல்லாத பிரிண்ட்தானான்னு கேட்டுத்தான் மியூசிக்கல் வாங்கணும், வேற வழி இல்ல.

16 எம்.எம். போக முடிஞ்சா போங்க, ஏன்னா அங்கே பாட்டுக்குன்னே பிறந்த ஒரு தனி வகை இருக்கு. 1940கள்ல அமெரிக்காவுல பனோரம்னு ஒரு பெட்டி வச்சிருந்தாங்க, காசு போட்டா 3 நிமிஷப் பாட்டுப் படம் ஓடும், அந்தப் படங்களுக்கு சவுண்டீஸ்னு பேரு. பெரிய ஜாஸ் கலைஞர்கள் எல்லாம் அதுல இருக்காங்க. அந்தப் பெட்டியில படம் திரைக்குப் பின்னால இருந்து விழுறதால பிரிண்டையே கண்ணாடியில தெரியற மாதிரி இடம் வலம் மாத்தி அடிச்சாங்க, அசல் பிரிண்ட் உங்க கைக்கு வந்தா எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரியும், பயந்துடாதீங்க, அது பழுது இல்ல, அது அசல்ங்கிறதுக்கு அடையாளம்.

கேள்வி: எனக்கு ரயில் படங்கள் மட்டும்தான் வேணும். வீட்டுல எல்லாரும் விசித்திரமா பார்க்கிறாங்க. நான் மட்டும்தான் இப்படியா?

பதில்: தம்பி, நீங்க தனியாள் இல்ல, ரயிலுக்குன்னே அலமாரி வச்சிருக்கிறவங்க ஏராளம். அமெரிக்காவுல அயோவா மாநிலம் டேவன்போர்ட்ல இருந்து வீட்டு ரீல் வித்த பிளாக்ஹாக் ஃபிலிம்ஸோட பட்டியல்ல மௌனப்பட காமெடிக்குப் பக்கத்துல ரயில் படங்களுக்குன்னு தனி இடமே இருக்கும், அதை நடத்தின கென்ட் ஈஸ்டினுக்கே ரயில் பைத்தியம். 1890களோட கடைசியில எஞ்சின் முன்னாடி கேமராவை வச்சு எடுத்த படங்கள்ல இருந்து நீராவி எஞ்சின்களோட கடைசிக் காலம் வரைக்கும் கிடைக்கும். கதை கிடையாது, எங்கே தொடங்கினாலும் பார்க்கலாம், ஒட்டு விழுந்தாலும் பெருசா கெடாது, 50 அடி ரீல்னாலும் நிறைவா இருக்கும். புகை, சக்கரம், வெயில், எல்லாமே ஓட்டம், கேமராவுக்கு வேற என்ன வேணும்? அதுல ஓடுற பல தடங்கள் இன்னைக்கு பூமியிலேயே இல்ல, அந்த ரீல்ல மட்டும்தான் இருக்கு.

கேள்வி: காதல் கதை, சீரியஸ் டிராமா இதையெல்லாம் ஏன் யாரும் பேசுறதே இல்ல? மௌனப்பட டிராமா எல்லாம் அழிஞ்சே போச்சா?

பதில்: ரொம்ப நாளா இதை யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன். டிராமா சேர்க்கிறவங்க இருக்காங்க, ஆனா அது 16 எம்.எம். ஆளுங்களோட இடம். ரெண்டு மணி நேரப் படம்னா 1200 அடி ரீல் நாலு வேணும், ஒவ்வொண்ணும் 33 நிமிஷம் ஓடும், ஒரே புரொஜெக்டர்னா மூணு தடவை நிறுத்தி மாட்டணும், கதாநாயகி அழுதுக்கிட்டிருக்கிறப்ப லைட்டைப் போட்டா அந்த மனநிலை போயிடும். அதனாலதான் ரெண்டு மெஷின் வச்சு மாத்தி மாத்தி ஓட்டுறாங்க. பெட்டி கனம், இடம் அடைக்கும், விருந்தாளிங்க எல்லாரும் ரெண்டு மணி நேரம் உக்கார மாட்டாங்க.

ஆனா சின்ன ஃபிலிம் செஞ்ச பெரிய புண்ணியம் இந்த வகையிலதான் இருக்கு. அந்தக் காலத்து தியேட்டர் பிரிண்ட் பெரும்பாலும் நைட்ரேட், தீப்பிடிக்கும், மட்கிப் போகும், ஓடி முடிஞ்சதும் அழிச்சும் விட்டாங்க. வீட்டுக்கு வந்த 28, 16, 9.5 எம்.எம். எல்லாம் சுலபமா தீப்பிடிக்காத பாதுகாப்பு ஃபிலிம். 1920களோட நடுவுல கோடக் ஆரம்பிச்ச கோடாஸ்கோப் லைப்ரரி 16 எம்.எம்.ல முழு நீளப் படங்களைச் சுருக்கி வாடகைக்கு விட்டது, அந்த வாடகை பிரிண்டா மட்டுமே பிழைச்ச படங்கள் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013ல வெளியிட்ட ஆய்வுப்படி, அங்கே எடுத்த கிட்டத்தட்ட 11,000 மௌன முழுநீளப் படங்கள்ல 14 சதவீதம்தான் வெளியான அதே வடிவத்துல மிஞ்சியிருக்கு. இன்னொரு 11 சதவீதம் முழுசா இருக்கு, ஆனா வெளிநாட்டுப் பதிப்பாவோ 28, 16 எம்.எம். மாதிரி சின்ன ஃபிலிம்லயோதான் இருக்கு. அந்த 11ஐ நினைச்சுப் பாருங்க, அதுல எத்தனையோ யாரோ ஒருத்தர் வீட்டுப் பரண்ல இருந்து வந்தது.

9.5 பத்தி தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை, 1922 கடைசியில பாத்தே கம்பெனி பிரான்ஸ்ல கொண்டு வந்தது, ஓட்டை ஓரத்துல இல்லாம நடுவுல ரெண்டு ஃபிரேமுக்கு இடையில இருக்கும். டைட்டில் கார்டுக்கு ஃபிலிமை வீணாக்கக் கூடாதுன்னு ஒரு யோசனை பண்ணினாங்க, ஃபிலிம் ஓரத்துல ஒரு சின்ன வெட்டு இருக்கும், புரொஜெக்டர் அதைத் தொட்டதும் அந்த ஃபிரேம்லயே சில விநாடி நின்னு எழுத்தைப் படிக்க விட்டு அப்புறம் நகரும். எவ்வளவு அழகான மூளை! பின்னால சினிமா வரலாற்று ஆய்வாளரான கெவின் பிரவுன்லோ பள்ளிக்கூடப் பையனா இருந்தப்ப 1954ல அப்படி ஒரு 9.5 ரீல்லதான் ஏபெல் கான்ஸ் எடுத்த மௌனப்படமான நெப்போலியனை முதல்ல பார்த்தார். ரெண்டு ரீல்தான். மிச்சம் எங்கேன்னு தேட ஆரம்பிச்சவர் நிறுத்தவே இல்ல, 1980ல லண்டன்ல ஆர்கெஸ்ட்ராவோட அஞ்சு மணி நேரத்துக்குக் கிட்ட படமா அதைத் திரையில காட்டினார். 2008ல புவெனஸ் அயர்ஸ் சினிமா மியூசியத்துல மெட்ரோபோலிஸ்ங்கிற மௌனப்படத்தோட காணாமப்போன சுமார் 25 நிமிஷம் கிடைச்சதே, அதுவும் 16 எம்.எம். நெகட்டிவ்தான், ஒரு சேகரிப்பாளர்கிட்ட இருந்த பிரிண்ட்ல இருந்து எடுத்தது, கீறல் எல்லாம் அதுலயே பதிஞ்சு போயிருந்துச்சு, இருந்தும் அது இருந்ததே பெரிய விஷயம். டிராமா சேருங்க, தயவுசெஞ்சு சேருங்க.

கேள்வி: யாரோ முன்பின் தெரியாத குடும்பத்தோட ஹோம் மூவி ரீல்கள் பழைய பொருள்களோட சேர்ந்து என்கிட்ட வந்துச்சு. பிறந்தநாள், கடற்கரை, ஒரு நாய். இதையும் சேர்க்கிற வகையா எடுத்துக்கலாமா? பார்க்கவே கூச்சமா இருக்கு.

பதில்: அந்தக் கூச்சம் நல்ல கூச்சம், அதை விட்டுடாதீங்க. இது ஒரு வகைதான், சொல்லப்போனா எனக்கு இப்ப மத்த எல்லாத்தையும் விட இதுதான் மனசுக்குப் பிடிச்ச வகை. மத்த ரீல்களுக்கு எங்கேயோ இன்னொரு பிரதி இருக்கும். இதுக்கு இல்ல. கேமராவுல ஓடினது எதுவோ அதையே கழுவி அதையே புரொஜெக்டர்ல மாட்டினாங்க, நெகட்டிவே கிடையாது, உலகத்துலேயே இது ஒண்ணே ஒண்ணுதான், அறுந்தா போச்சு. கோடக்ரோம் 16 எம்.எம்.ல 1935லயும் 8 எம்.எம்.ல 1936லயும் வந்துச்சு, அதனால பெரிய ஸ்டுடியோ பிரிண்ட் எல்லாம் ரோஸ் ஆகி நிக்கிறப்ப யாரோ ஒரு அப்பா எடுத்த கடற்கரை மட்டும் நேத்து எடுத்த மாதிரி நீலமா இருக்கும். கென்னடி சுடப்பட்டப்ப எடுத்த அந்த 26 விநாடி, 486 ஃபிரேம் உள்ள படமும் ஒரு சாதாரண ஆள் 8 எம்.எம். கோடக்ரோம்ல எடுத்ததுதான்.

அதனால முதல் வேலை, ஓட்டாதீங்க, ஸ்கேன் பண்ணுங்க. ரெண்டாவது, பெட்டி மேல எழுதியிருக்கிற பேரு, தேதி, ரீல் வரிசை எல்லாத்தையும் அப்படியே ஃபோட்டோ எடுத்து வைங்க, ரீல்களைப் பிரிச்சு ஆளுக்கொண்ணா கொடுத்துடாதீங்க. அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியுமான்னு பாருங்க, கிடைச்சா ஒரு பிரதியாவது கொடுத்துடுங்க. குழந்தைங்க குளிக்கிற மாதிரி காட்சிகளை யாருக்கும் போட்டுக் காட்டக் கூடாது, எங்கேயும் ஏத்தவும் கூடாது. நான் ஒரு தடவை இப்படி வந்த ரீல்ல ஒரு பாட்டி கேமராவைப் பார்த்து கையை ஆட்டி ஏதோ பேசிக்கிட்டே இருக்கிறதைப் பார்த்தேன், சவுண்ட் இல்ல, என்ன சொன்னாங்கன்னு தெரியாது, நாலு தடவை திரும்பத் திரும்ப ஸ்கேனைப் போட்டுப் பார்த்தேன்.

கேள்வி: ரீல் நம்மகிட்ட இருந்தா ஊர் கூட்டிப் போட்டுக் காட்டலாமா?

பதில்: ரீல் உங்களோடது, படத்தோட உரிமை உங்களோடது இல்ல. வீட்டுல, உங்க ஆளுங்களோட பாருங்க. வெளிய கூட்டம் கூட்டிக் காட்டணும்னா உரிமைக்காரங்க அனுமதி வேணும். உரிமைக்காலம் முடிஞ்ச மௌனப்படங்களை எடுத்துக்கிட்டா பிரச்சினை குறைவு, காமெடி அலமாரி பெருசா இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அண்ணா, பெரியப்பாவோட அலமாரியில இருந்து பேரே எழுதாத ரீல் பத்துப் பதினஞ்சு வந்திருக்கு. ஓட்டாமலே உள்ளே என்ன வகைப் படம்னு கண்டுபிடிக்க முடியுமா? ஒரு டப்பாவைத் திறந்தா புளிச்ச வாசனை வருது.

பதில்: முதல்ல அந்த டப்பாவைத் தனியா வைங்க, இன்னைக்கே. அது வினிகர் வாசனை. அசிடேட் ஃபிலிம் கெட ஆரம்பிச்சா அசிட்டிக் ஆசிட் வரும், அந்த ஆவி பக்கத்துல இருக்கிற ரீலையும் கெடுக்கும், காந்தக் கோடு இருக்கிற ரீல்னா இன்னும் வேகமா போகும். நிறுத்த முடியாது, குளிர்ச்சியா ஈரம் இல்லாத இடத்துல வச்சா மெதுவாக்கலாம். சுருங்கி வளைஞ்சிருந்தா புரொஜெக்டர்ல போடவே போடாதீங்க, அதைத்தான் முதல்ல ஸ்கேனுக்கு அனுப்பணும்.

மிச்ச ரீல்களுக்கு காட்டன் கையுறை போட்டுக்கிட்டு முன்பக்கம் ஒரு மூணு நாலு அடி மட்டும் மெதுவா இழுத்து, பின்னால வெள்ளை வெளிச்சம் வச்சு பூதக்கண்ணாடியில பாருங்க. ஓட்டை நடுவுல இருந்தா 9.5. ஓரத்துல சின்ன ஓட்டை, ஒவ்வொரு படத்துக்கும் பக்கவாட்டு நடுவுல இருந்தா சூப்பர் 8. கொஞ்சம் பெரிய ஓட்டை, ரெண்டு படத்துக்கு நடுவுல இருந்தா ஸ்டாண்டர்ட் 8. டைட்டில் கார்டு, கம்பெனி முத்திரை வந்தா அது கடை பிரிண்ட். எந்தத் தலைப்பும் இல்லாம நேரா ஆளுங்க முகம் வந்தா, அதுவும் முதல் ஒண்ணு ரெண்டு அடி வெளிச்சம் பட்டு ஆரஞ்சா வெளுத்திருந்தா, பெரும்பாலும் குடும்பப் படம்தான். ஓரத்துல வட்டம், சதுரம், முக்கோணம்னு கோடக் குறி இருக்கும், அது ஃபிலிம் தயாரான வருஷத்துக்கான குறி, ஆனா ஒரே குறி சுமார் 20 வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும், அதனால அந்தக் குறியோட உடுப்பு, கார், வீட்டுச் சாமான் எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் வருஷம் சொல்லணும். ரீல் ஓரம் ஒரு பக்கம் கோடு இருந்தா சவுண்ட், பழுப்பா இருந்தா காந்தம், அலை அலையா கறுப்பா இருந்தா ஆப்டிகல்.

பதினஞ்சு ரீலையும் பார்த்து முடிச்சதும் ஒரு நோட்டுல வரிசையா எழுதி அனுப்புங்க, அளவு, ஓட்டை, கோடு, முதல் ஃபிரேம்ல என்ன தெரியுதுன்னு. அடுத்த இதழ்ல ஒவ்வொண்ணா உக்காந்து பார்ப்போம்.